தேநீர் அருந்துவோருக்கு ஓர் எல்லை, மருந்தடிப்போருக்கு?

ஐரோப்பியச் சந்தைக்குள் நுழையும் ஒரு கிலோ தேயிலையில் கிளைபோசேட் களைகொல்லியின் எச்சம் 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கொழுந்தை உலர்த்தும் விறகடுப்பின் புகையாலும் சேரக்கூடிய அந்திரகுயினோன் 0.02 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது. நுவரெலியா, அட்டன் தேயிலையின் நறுமணத்தை நுகர்வோரின் நலன் கருதி ஐரோப்பிய ஒன்றியம் வகுத்துள்ள எல்லைகள் இவை. இவற்றில் நாம் குறை காண்பதற்கில்லை. ஆனால், அதே மருந்தை முதுகில் சுமந்து மலைச்சரிவில் தெளிக்கும் தொழிலாளியின் உடலில் எவ்வளவு சேர்கின்றது என்பதை அந்தப் பரிசோதனை சொல்வதில்லை. நமது கவலை அதுவேயாகும்.

கடந்த பத்தாண்டு அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. வடமத்திய மாகாண விவசாயிகளைப் பீடித்த சிறுநீரக நோயைக் காரணங்காட்டி 2015இல் அரசாங்கம் கிளைபோசேட்டைத் தடைசெய்தது. தோட்டங்களில் களை மண்டியது; வேறு களைகொல்லிகள் பாவனைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் ஜப்பானுக்கு அனுப்பப்பட்ட தேயிலையில் கண்டறியப்பட்டது. தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் தளர்த்தப்பட்ட தடை 2022இல் முற்றாக நீங்கியது. இதற்கிடையே 2021இல் இரசாயன உரத்துக்கும் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. தடை விதித்தபோதும் நீக்கியபோதும் விவாதிக்கப்பட்டவை பெரும்பாலும் விளைச்சலும் ஏற்றுமதியுமே. மருந்தடிப்பவரின் உடல்நலம் அந்த விவாதத்தில் உரிய இடத்தைப் பெறவில்லை.

ஐரோப்பாவின் நிலைப்பாட்டிலும் முரண்பாடு இல்லாமலில்லை. தனது வயல்களில் பாவிக்கத் தடைசெய்துள்ள சில பீடைகொல்லிகளை ஏனைய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய ஒன்றியம் இன்னமும் இடமளிக்கின்றது. இதற்கு முடிவு கட்டுவதாக ஐரோப்பிய ஆணைக்குழு 2020இல் வாக்குறுதி அளித்தது. எனினும், அது ஒன்றியம் முழுமைக்குமான சட்டமாகவில்லை.

கொள்வனவு செய்யும் நிறுவனங்கள் தமது விநியோகச் சங்கிலியில் உள்ள தொழிலாளரின் உரிமைகளையும் சுற்றாடலையும் கவனிக்க வேண்டும் எனப் பணிக்கும் சட்டமொன்றை ஒன்றியம் 2024இல் நிறைவேற்றியது. கோப்பையிலிருந்து கொழுந்துக்கூடை வரை பார்வையைத் திருப்பிய சட்டம் அது. ஆனால், 1,000 ஊழியர்களுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு என வகுக்கப்பட்ட அதன் எல்லை, 2025 டிசம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டில் 5,000 ஊழியர்களுக்கு மேற்பட்டவற்றுக்கு எனச் சுருக்கப்பட்டது. நடைமுறைக்கு வருவதும் 2029 வரை பின்தள்ளப்பட்டுள்ளது.

ஆகவே, பிரசெல்ஸ் நகரை நம்பி நாம் காத்திருக்க முடியாது. ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம் என நமது தேயிலையின் பெரும் சந்தைகள் பலவும் ஒன்றியத்துக்கு வெளியே உள்ளன. கொள்வனவாளர் கேட்டால்தான் பாதுகாப்பு என்றிருந்தால், கேளாதவருக்காகத் தெளிக்கும் தொழிலாளியின் கதி என்ன?

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980 முதல் உள்ளது. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையிலேயே இயங்குகின்றது. எச்சத்தை ஆய்வுகூடத்தில் அளக்க முடியுமெனில், மருந்தடிப்போருக்குக் காலந்தோறும் மருத்துவப் பரிசோதனை நடத்துவதும் இயலாத காரியமன்று. மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற கையுறை, முகக்கவசம், காலணி ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகம் தனது செலவில் வழங்குவது கட்டாயமாக்கப்பட வேண்டும். தெளித்த மலைக்குள் கொழுந்து பறிக்கும் பெண்களை எத்தனை நாள் கழித்து அனுப்பலாம் என்பது தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

2024இல் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக உயர்த்துவதற்கே நீண்ட போராட்டம் தேவைப்பட்டது. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இனி இந்தக் கோரிக்கையும் வைக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் இதில் கட்சி பேதம் பாராட்டலாகாது என்பதே நமது வேண்டுகோள்.