வேகமா சுடணுமா... சரியா சுடணுமா? ரீல்ஸ் சொல்லாத ஒரு கணக்கு!

இன்ஸ்டா ரீல்ஸில் இப்படி ஒரு வீடியோ உங்க கண்ணிலும் பட்டிருக்கும். 'பீப்' சத்தம் கேட்டதும் ஒருவர் ரைஃபிளோடு ஓடுகிறார். படபடவெனச் சுடுகிறார். சடாரென்று திரும்பி மறுபடியும் சுடுகிறார். இருபது விநாடியில் எல்லாம் ஓவர். கமென்ட்ஸ் முழுக்க ஃபயர் எமோஜி. ஆனால், குண்டு எங்கே பட்டது என்பதைப் பெரும்பாலும் காட்டவே மாட்டார்கள். இந்த விளையாட்டில் ஜெயிப்பதும் தோற்பதும் அங்கேதான் இருக்கு!

இதன் பெயர் பிராக்டிகல் ரைஃபிள். 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஐ.பி.எஸ்.சி என்ற அமைப்பின் விதிகளின்படி நடக்கும் போட்டி. 2024 ஆகஸ்ட்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்றதைக் கொண்டாடினோமே... அதே மாதம்தான் பின்லாந்தின் ஔலு நகரில் பிராக்டிகல் ரைஃபிளுக்கான உலகப் போட்டி நடந்தது. நம்ம ஊரில் அது பெரிதாகப் பேசப்படவில்லை.

ரெண்டுமே ரைஃபிள்தான். ஆனா, ஆட்டம் வேற. ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்றில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் தருவார்கள். நின்ற இடத்தில் நின்று, நிதானமாகச் சுடலாம். இங்கேயோ ஓடணும், மண்டி போடணும், மேகசின் மாத்தணும். டைமர் ஓடிக்கிட்டே இருக்கும்.

எல்லாமே ஒரு வகுத்தல்தான்!

வேகம், துல்லியம் ரெண்டையும் எப்படி ஒரே தராசில் வைப்பது? எடுத்த பாயின்ட்டை எடுத்துக்கொண்ட விநாடியால் வகுக்க வேண்டும். அதுதான் 'ஹிட் ஃபேக்டர்'. அட்டை இலக்கில் ஏ, சி, டி என மூன்று பகுதிகள். சக்தி குறைந்த தோட்டாக்களுக்கான 'மைனர்' கணக்கில் ஏ பகுதிக்கு 5, சி பகுதிக்கு 3, டி பகுதிக்கு 1 பாயின்ட். இலக்கைத் தவறவிட்டால் 10 பாயின்ட் கழிப்பார்கள்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. 10 இலக்குகள், ஒவ்வொன்றிலும் 2 குண்டுகள். முதல் ஆள் இருபதையும் ஏ பகுதியில் அடித்து 20 விநாடியில் முடிக்கிறார். 100-ஐ 20 ஆல் வகுத்தால் 5. இரண்டாவது ஆள் செம ஸ்பீடு... 17 விநாடி. ஆனால், 12 ஏ, 8 சி. மொத்தம் 84 பாயின்ட். வகுத்தால் 4.94. மூன்று விநாடி மிச்சப்படுத்தியும் பின்தங்கிவிட்டார்! அந்த எட்டில் ஒன்று தவறியிருந்தால் 4.18-க்கு இறங்கிவிடும். மூன்றாவது ஆள் 'பர்ஃபெக்ட்டா அடிக்கணும்'னு நிதானித்து, எல்லாமே ஏ-வில் அடித்து 25 விநாடி எடுத்தால்? வெறும் 4. ஆக, அவசரமும் தோற்கும், அதீத நிதானமும் தோற்கும்.

இந்த எண் இன்னொன்றும் சொல்லும். விநாடிக்கு 5 பாயின்ட் என்ற வேகத்தில், ஒரு சி-யால் போகும் 2 பாயின்ட்டின் விலை 0.4 விநாடி. ஒரு மிஸ்ஸால் போவது 15 பாயின்ட், அதாவது 3 விநாடி. அரை விநாடி கூடுதலாக நின்று குறிபார்த்தால் தப்பித்திருக்கலாம். இலக்குகள் கிட்டத்தில் இருந்து விநாடிக்கு 10 பாயின்ட் எடுக்க முடிகிற சுற்று என்றால், அதே சி-யின் விலை 0.2 விநாடிதான். அங்கே துணிந்து வேகமெடுக்கலாம்.

விநாடிகள் ஒளிந்திருக்கும் இடம்

விரலை வேகமா அழுத்தினா நேரம் குறையும்னு நினைப்போம். உண்மையில் நிறைய நேரம் போவது சுடாத நேரத்தில்தான். அடுத்த இலக்கைத் தேடுவது, நின்ற பிறகு ரைஃபிளைத் தூக்குவது, நின்றுகொண்டே மேகசின் மாற்றுவது... இவற்றில்தான் விநாடிகள் கரையும். அதனால்தான் கண் முதலில் அடுத்த இலக்குக்குப் போகணும், ரைஃபிள் பின்னால் வரணும். மேகசினை ஓடும்போதே மாத்திடணும். நிற்கும்போது ரைஃபிள் தோளில் இருக்கணும்.

துல்லியத்திலும் ஒரு பொறி உண்டு. இந்த வகை ரைஃபிள்களில் குறிபார்க்கும் கருவி குழலுக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருக்கும். அதனால் மிகக் கிட்டத்து இலக்கில், குறிபார்த்த இடத்துக்குக் கீழேதான் குண்டு படும். கொஞ்சம் மேலே குறிவைக்கணும். தூரத்து இலக்குக்கோ உடம்பு ஆடாமல் சாய்ந்துகொள்ள நல்ல இடம் பிடிக்கணும். அதற்குச் செலவாகும் ஒரு விநாடி வீண் இல்லை.

எவ்வளவு வேகமெடுத்தாலும் தாண்டக்கூடாத ஒரு கோடு இருக்கு. ரைஃபிளின் முனை பாதுகாப்பான கோணத்தைத் தாண்டினாலோ, தவறுதலாக ஒரு குண்டு வெடித்தாலோ, அந்தச் சுற்றில் இருந்து மட்டுமல்ல, மொத்தப் போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். இதற்கு மட்டும் எந்த வகுத்தலும் கிடையாது.

இந்தியாவில் ஆயுதச் சட்டம் கடுமையானது. இந்தப் போட்டிக்கான ரைஃபிள் ஆசைப்பட்டவுடன் கையில் கிடைத்துவிடாது. ஆர்வம் இருந்தால் பயிற்சியாளர் உள்ள ஷூட்டிங் கிளப்பில் ஏர் ரைஃபிளில் தொடங்குவதே சரியான வழி. மத்தவங்க? அடுத்த முறை அந்த ரீல்ஸ் வந்தால், லைக் போடுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்க: "எல்லாம் சரி பாஸ்... டார்கெட்டைக் காட்டுங்க!"