குர்துபாவில் ஒரு பகல்

மீலாது மேடைகளிலும் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளிலும் குர்துபா தவறாது வந்து போகும். ஐரோப்பா இருளில் கிடந்த காலத்தில் அந்நகர வீதிகளில் விளக்கெரிந்த செய்தியைச் சொன்னவுடன் கைதட்டல் எழும். பேச்சாளரும் அடுத்த செய்திக்குச் சென்றுவிடுவார். இன்று கொர்தோபா என வழங்கும் அத்தென் ஸ்பெயின் நகரை ஒரு பகல் முழுவதும் நடந்தே பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அந்தக் கைதட்டலை இனிச் சற்று நிறுத்தி வைக்கலாம் என்பதே பார்த்தபின் நாம் கொண்ட கருத்தாகும். பெருமை பொய் என்பதனால் அன்று. அதில் பாதியை மட்டுமே நாம் பேசி வருகின்றோம் என்பதனால்.

உமய்யா மரபினரான முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டளவில் தொடங்கிய பள்ளிவாசல், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வளர்ந்துகொண்டே சென்றது. ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றத்தைக் கடந்து உள்ளே நுழைந்தால் தூண்கள், தூண்கள், எங்கணும் தூண்களே! இன்று எஞ்சியிருப்பவை எண்ணூற்றைம்பதுக்கும் மேல். தொடக்க காலப் பகுதியில் நிற்பவற்றை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. நிறம் வேறு, உயரம் வேறு, தலைப்பில் உள்ள செதுக்கு வேலையும் வேறு. உரோமர் கட்டடங்களிலிருந்தும் விசிகோத்தியர் கட்டடங்களிலிருந்தும் எடுத்து வந்த பழந்தூண்கள் அவை. அத்துணைப் பெரிய கூடத்துக்கு அவற்றின் உயரம் போதவில்லை. ஆகவே தூணுக்கு மேல் ஒரு வளைவு, அதற்கும் மேல் மற்றொரு வளைவு என இரண்டடுக்காக எழுப்பிக் கூரையை உயர்த்தினர். செங்கல்லும் வெளிறிய கல்லும் மாறி மாறி அமைந்த அவ்வளைவுகளே இன்று உலகெங்கும் படங்களில் காணப்படுகின்றன. குறையைப் போக்கச் செய்த ஏற்பாடு அழகாகவே ஆகிவிட்டது. வழிவழி வந்த சொற்களைக் கொண்டே புதுச் செய்யுள் யாக்கும் மொழித்துறையினராகிய நமக்கு இது வியப்பன்று.

இரண்டாம் ஹகமின் காலத்து மிஹ்ராபும் அத்தகையதே. அதன் முகப்பில் குர்ஆன் வசனங்களைத் தாங்கிப் பொன்னிறமும் நீலமுமாக ஒளிரும் வண்ணச் சில்லுகள், கிறிஸ்தவரான பைஸாந்தியப் பேரரசர் கைவினைஞருடன் அனுப்பிவைத்தவை. பிறரிடம் பெற்றுக்கொள்ள அன்றைய முஸ்லிம்கள் கூசவில்லை. நாம் மேடைகளில் இதைச் சொல்வதில்லை.

1236இல் மூன்றாம் பெர்னாண்டோ நகரைக் கைப்பற்றியபின் பள்ளிவாசல் தேவாலயமாயிற்று. 1523இல் அதன் நடுப்பகுதியை இடித்துப் பெரிய தேவாலயக்கூடம் எழுப்ப ஆயர் முனைந்தபோது எதிர்த்தவர் யார்? அந்நகரத்துக் கிறிஸ்தவ நகர மன்றத்தாரே. இடிக்கும் வேலையில் கைவைக்கும் தொழிலாளிக்கு மரண தண்டனை என்று ஆணையே பிறப்பித்தனர். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆயர் பக்கம் நின்றமையால் அவர்கள் தோற்றனர். இச்செய்தியை அறிந்தபின் அத்தேவாலயக்கூடத்தின்கீழ் நின்று நம்மவர், அயலார் என்று எளிதில் பிரித்துப் பேச நமக்கு நா எழவில்லை.

மணிகளின் கதையும் உண்டு. 997இல் தளபதி அல்மன்சூர் சாந்தியாகோ தேவாலயத்தைச் சூறையாடி, அதன் மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோள்மீது ஏற்றிக் குர்துபாவுக்குக் கொணர்ந்து பள்ளிவாசலில் விளக்குகளாகத் தொங்கவிட்டார் என்பர். பெர்னாண்டோ அவற்றை முஸ்லிம் கைதிகளின் தோள்மீது ஏற்றித் திருப்பி அனுப்பினார் என்றும் வரலாற்றாசிரியர் உரைப்பர்.

இன்று அங்கே முஸ்லிம்கள் தொழ அனுமதி இல்லை. அல்லாமா இக்பால் 1933இல் அங்குத் தொழுதார். அந்நினைவு உருதுவில் பெருங்கவிதையாகவும் மலர்ந்தது. பின்னாளில் ஸ்பானிய முஸ்லிம்கள் விடுத்த வேண்டுகோளை மறைமாவட்டம் ஏற்கவில்லை. வேண்டுகோள் நியாயமானதே என்பது நம் எண்ணம். எனினும் அதனைச் சினத்தோடு எழுப்புவதால் பயன் இல்லை. 2006இல் திருச்சபை வெறும் 30 யூரோ கட்டணத்தில் இக்கட்டடத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களும் அந்நகரத்துக் குடிமக்களே. 1523இன் நகர மன்றத்தார் இன்னும் மறையவில்லை போலும்!

பிற்பகலில் யூதர் குடியிருப்பின் குறுகிய சந்துகளுக்குள் நுழைந்தோம். 1315இல் கட்டப்பெற்ற சிறிய தொழுகைக்கூடம் ஒன்றும், இந்நகரில் பிறந்த யூத அறிஞர் மைமோனிடீஸின் சிலையும் அங்குள்ளன. பழைய மதிலருகே, கையில் நூலுடன் இப்னு ருஷ்தின் சிலை. அவர் 1126இல் பிறந்தவர். தலைமை காஸியாக இருந்தவர், மருத்துவர், அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு உரை வகுத்தவர். அச்சிலையின் முன்தான் நாம் நெடுநேரம் நின்றோம்.

மைமோனிடீஸின் குடும்பம் நகரைவிட்டு ஓடியது கிறிஸ்தவப் படைக்கு அஞ்சி அன்று. முவஹ்ஹிதுகள் எனப்படும் முஸ்லிம் ஆட்சியாளரின் கெடுபிடிக்கு அஞ்சியே. இரண்டாம் ஹகம் திரட்டிய நூலகத்தில் நான்கு இலட்சம் சுவடிகள் இருந்தன என்று பழைய நூல்கள் கூறும், எண் மிகையாகலாம். அதிலிருந்த தத்துவ நூல்களையும் வானியல் நூல்களையும் மார்க்கச் சட்ட அறிஞரை மகிழ்விக்கும் பொருட்டு எரிப்பித்தவர், மணிகளைக் கொணர்ந்த அதே அல்மன்சூர். 1195இல் இப்னு ருஷ்தின் தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. அவர் லுஸேனா என்னும் சிற்றூருக்கு நாடு கடத்தப்பட்டார். பின்னர் மன்னரின் மனம் மாறிற்றாயினும் 1198இல் மராகேஷில் உயிர் நீத்தார். அவருடைய உரைகளுள் சில அரபு மூலம் அழிந்து, எபிரேய, இலத்தீன் மொழிபெயர்ப்புகளிலேயே உயிர் பிழைத்தன. நகருக்கு மேற்கே உள்ள மதீனத்துஸ் ஸஹ்ரா அரண்மனை நகரமும் இவ்வாறே. 936 முதல் எழுந்த அதனை உள்நாட்டுப் போரில் பாழாக்கியவரும் முஸ்லிம் படையினரே.

இப்னு ருஷ்தின் உடல் குர்துபாவுக்குக் கொண்டுவரப்பட்ட காட்சியை நேரில் கண்ட இப்னு அரபி எழுதிவைத்துள்ளார். சுமை விலங்கின் ஒருபுறம் உடல். எடை சமன் ஆவதற்காக மறுபுறம் அவர் எழுதிய நூல்கள்.

பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு வகுக்கும் பெரியோரிடமும் ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். குர்துபாவின் விளக்குகளைத் தலைப்பாகத் தரும் ஆண்டில், 1195இல் அந்நூல்களை எரித்தவர் யார், ஏன் என்பதையும் ஒரு தலைப்பாகத் தாருங்கள். மாணவர்கள் நூலகத்துக்குச் சென்று தேடட்டும். பரிசை அதற்கே முதலில் அறிவிக்கலாம்.