பூச்சரம் சொல்லும் கோடிங் பாடம்!

சிவகிரியில் இருக்கும் என் சித்தி மகள் போன வாரம் போன் பண்ணினாள். குரலே சரியில்லை. முதல் இன்டர்வியூ கைவிட்டுப் போயிருந்தது.

"புரோகிராம் சரியாத்தான் ஓடுச்சுக்கா. பத்துப் பேரை ஒண்ணாச் சேர்த்து ஒரே வரியாக் காட்டணும். காட்டுச்சு. உடனே, 'ஒரு லட்சம் பேர் வந்தா?'னு கேட்டாங்க. ஓட விட்டா சுத்திக்கிட்டே இருந்துச்சு."

அவள் எழுதியது, ஒவ்வொரு பெயரையும் கூட்டல் குறி போட்டு முந்தைய வரியோடு ஒட்டும் முறை. எல்லோரும் முதலில் கற்பது இதைத்தான். பிறகு ஏன் இந்தத் தாமதம்?

கோடிங்கில் 'ஸ்ட்ரிங்' என்பதைத் தமிழில் 'சரம்' என்பார்கள். ஜாவா, பைத்தான் இரண்டிலும் ஒருமுறை உருவான சரத்தை மாற்ற முடியாது. ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் பழைய சரம் முழுவதையும் புது இடத்தில் நகலெடுத்து, அதன் கடைசியில் புதுப் பெயரை வைப்பதுதான் பொதுவான வழி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயருக்கு 10 எழுத்து, மொத்தம் 1,000 பெயர்கள். கடைசியில் கிடைப்பது 10,000 எழுத்துகள். ஆனால் வழியில் எழுதப்படுவது சுமார் 50 லட்சம்! ஒரு லட்சம் பெயர்கள் என்றால் சுமார் 5,000 கோடி. பெயர்கள் 100 மடங்கு கூடினால் வேலை 10,000 மடங்கு கூடுகிறது.

தமிழுக்குச் சுமை இன்னும் அதிகம். 'சிவகிரி' நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் அது 7 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 21 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 8 பைட்தான்.

சித்தி, சங்கரன்கோவில் மார்க்கெட்டில் பூ வாங்கி வந்து கட்டி விற்பவர். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "ஒவ்வொரு பூவுக்கும் சரத்தை முதல்ல இருந்து கட்டுனா சாமம் ஆயிரும்லா! எத்தனை முழம்னு கேட்டுட்டுத்தானே நாரை எடுக்கணும்?"

அதேதான் விடை. பைத்தானில் பெயர்களை ஒரு பட்டியலில் போட்டு வைத்து, கடைசியில் 'ஜாயின்' கொடுத்தால் போதும். அது மொத்த நீளத்தை முதலிலேயே அளந்து, இடத்தை ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு எழுதிவிடும். ஜாவாவில் 2004-ல் வந்த 'ஸ்ட்ரிங் பில்டர்' கொஞ்சம் வேறு மாதிரி. நாரை நீளமாகவே கையில் வைத்திருக்கும். போதாவிட்டால் ஏறக்குறைய இரு மடங்காக்கிக்கொள்ளும். ஒவ்வொரு பெயருக்கும் முதலில் இருந்து நகலெடுக்கும் வேலை இல்லை.

அதற்காகக் கூட்டல் குறியே கூடாது என்பதில்லை. நாலைந்து சொற்களை ஒட்ட அது போதும், படிக்கவும் எளிது. சுற்றிச் சுற்றி ஓடும் 'லூப்'புக்குள் போடும்போதுதான் கவனம் வேண்டும். புரோகிராமைக் கொடுக்கும் முன் பத்துப் பெயரோடு நிறுத்தாமல், பத்தாயிரம் பெயர்களையும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். எங்கே திணறுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தங்கச்சி அன்று ராத்திரியே மாற்றி எழுதி, ஒரு லட்சம் பெயர்களை ஓடவிட்டாள். கண் சிமிட்டுவதற்குள் முடிந்ததாம். அடுத்த இன்டர்வியூ இந்த மாதக் கடைசியில். "இந்தத் தடவை முதல்ல எத்தனை பேர்னு நானே கேட்டுருவேன்க்கா" என்கிறாள்.

உங்கள் வீட்டிலும் கோடிங் படிக்கும் பிள்ளை இருந்தால், இன்றைக்குப் பூ கட்டும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள்!