இடுப்புக்குப் பத்து நிமிஷம்

மார்கழி மாதம். விடிவதற்கு முன் எழுந்து, வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, பதினைந்து புள்ளிக் கோலம் ஒன்றைப் போட்டேன். கடைசி இழையை இழுத்து முடித்து நிமிர்ந்தேனா? அதுதான் இல்லை! இடுப்பில் யாரோ கத்தியைச் செருகினாற்போல் ஒரு பிடிப்பு. குனிந்தது குனிந்தபடியே, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து சேர்ந்தேன்.

அப்புறம் கேட்பானேன்! வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியர் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர் வீட்டு அம்மாள் தைலம் கொண்டு வந்தார். மாடி வீட்டு அம்மாள் நொச்சி இலையை வதக்கி ஒற்றடம் கொடுக்கச் சொன்னார். என் கணவர் அரையடி அகலத்தில் ஒரு பெல்ட் வாங்கி வந்தார். என் மாமியார் மட்டும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "அசையாமல் படுத்திரு, அம்மா. இனிமேல் குனியவே குனியாதே. நான் பட்டது போதும்" என்றார்.

அவர் பட்டது எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் பலகையில் படுக்க வைத்துவிட்டார்கள். வலி போய்விட்டது, பயம் போகவில்லை. அன்று முதல் அவர் தரையில் உட்கார்ந்ததில்லை. கோலம் போட்டதில்லை. ஆசையாகப் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டதில்லை. நானும் இப்படித்தான் ஆகிவிடுவேனோ? வலியைவிட இந்த நினைப்புத்தான் என்னைக் கலக்கிவிட்டது.

மறுநாள் டாக்டர் அம்மாளிடம் போனேன். கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, விரல்களில் பலம் இருக்கிறதா என்று சோதித்தார். கடைசியில் சிரித்தார்.

"பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆனால் படுத்துவிடாதீர்கள். முடிந்த மட்டும் வீட்டுக்குள் நடமாடுங்கள். வலி தணிந்ததும் வாருங்கள், பயிற்சி சொல்லித் தருகிறேன்."

எனக்கு ஒரே ஆச்சரியம். இடுப்பு வலி என்றால் படுக்கைதானே மருந்து? பத்திரிகைக்காரி அல்லவா, சும்மா இருக்க முடியுமா? புத்தகங்களைப் புரட்டினேன். பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரில், திடீர் இடுப்பு வலி கண்ட நகராட்சி ஊழியர்கள் 186 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை. ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு, வலி விட்ட அளவில் வழக்கமான வேலை. 1995-ல் முடிவு வெளியாயிற்று. சீக்கிரம் தேறியவர்கள் வழக்கமான வேலையைச் செய்தவர்கள்தான்! கடைசியில் வந்தவர்கள் படுத்தவர்கள்.

ஆகவே, வலி சுரீரென்று இருக்கும் முதல் சில நாட்களில் படுக்கையும் வேண்டாம், பயிற்சி என்று உடம்பை வருத்தவும் வேண்டாம். நடமாட்டம் போதும். வலி அடங்கிய பிறகுதான் பயிற்சியின் காலம். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்காக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதிலும் பயிற்சியைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். பெல்ட்டை வேண்டாம் என்றிருக்கிறார்கள். என் கணவரின் பெல்ட் பீரோவுக்குள் போயிற்று!

இது ஏதோ நம் வீட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். 2020-ல் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியோடு இருந்தார்கள் என்று கணக்கு. அதில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

நாலு கயிறுகள்

கழுத்திலிருந்து இடுப்பு வரை 24 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. இந்த அடுக்கு தானாக நிற்காது. கொடிக்கம்பத்தை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துகிறோம் அல்லவா? அதுபோல முன்னால் வயிற்றுத் தசைகள், பின்னால் முதுகுத் தசைகள், இரண்டு பக்கமும் விலாத் தசைகள், கீழே பிருஷ்டத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. கயிறு தளர்ந்தால் கம்பம் என்ன ஆகும்? மாதக்கணக்கில் படுத்திருந்தால் தளர்வது இந்தக் கயிறுகள்தான்.

இந்தப் பயிற்சிகளுக்கு ஒரு பாயும் பத்து நிமிஷமும் போதும்.

1. முன் கயிறு: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். இடுப்புக்குக் கீழே கை நுழையும் அளவு இடைவெளி இருக்கும். வயிற்றை இறுக்கி, அந்த இடைவெளி மறையும்படி இடுப்பைத் தரையோடு மெல்ல அழுத்துங்கள். ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானே நடக்கும்.

2. கீழ்க் கயிறு: அதே நிலையில், பாதங்களை அழுத்திக்கொண்டு இடுப்பை மேலே தூக்குங்கள். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே சரிவாக, பாலம் போல் இருக்கட்டும். ஐந்து எண்ணிவிட்டு மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று போட வேண்டாம்.

3. பின் கயிறு: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, குழந்தைக்கு யானை காட்டுவதுபோல் நில்லுங்கள். வலது கையை முன்னால் நீட்டி, இடது காலைப் பின்னால் நீட்டுங்கள். ஐந்து எண்ணிய பின் மாற்றிச் செய்யுங்கள். முதுகில் ஒரு தம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், சிந்தக் கூடாது! கையும் காலும் சேர்த்து வராவிட்டால் ஆரம்பத்தில் கால் மட்டும் நீட்டினால் போதும். என் பெண் இதைப் பார்த்ததும் "யானை, யானை!" என்று முதுகில் ஏறிக்கொண்டாள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு செய்வது உத்தமம்.

4. பக்கக் கயிறு: பள்ளிகொண்ட பெருமாள்போல் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். முழங்கையும் முழங்காலும் தாங்க, இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி ஐந்து எண்ணுங்கள். அடுத்து மறு பக்கம்.

முதல் வாரம் ஒவ்வொன்றும் ஐந்து தடவை. பிறகு சிறிது சிறிதாகப் பத்துக்குக் கொண்டு போகலாம். தசை இலேசாக வலித்தால் பயமில்லை. வலி காலில் இறங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். இரண்டு நாளில் குணம் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஆறு, எட்டு வாரம் பொறுக்க வேண்டும்.

எழுந்தவுடன் மட்டும் செய்யாதீர்கள். எலும்புகளுக்கிடையே உள்ள வட்டுகள் இரவெல்லாம் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் போல உயரமாகக்கூட இருக்கிறோம்! அந்த நேரத்தில் முதுகை வளைத்தால் வட்டுக்குச் சிரமம் அதிகம். நான் படுக்கையிலிருந்து நேராகக் கோலத்துக்குக் குனிந்தேனே, அதுதான் வினை. இப்போது முதலில் பால் காய்ச்சி, வீட்டுக்குள் நாலு நடை நடந்துவிட்டுத்தான் வாசலுக்குப் போகிறேன். நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் பெருக்குகிறேன். தண்ணீர் வாளியையோ கிரைண்டர் கல்லையோ தூக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குகிறேன். தூக்கியபடி இடுப்பைத் திருப்புவதில்லை.

ஓர் எச்சரிக்கை. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலும், அடைபட்டாலும், தொடைகளின் நடுவே மரத்துப் போனாலும், காலில் பலம் குறைந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலியோடு காய்ச்சல், காரணமின்றி உடம்பு இளைப்பு, கீழே விழுந்த பிறகு வந்த வலி இவற்றுக்கும் டாக்டர்தான் முதலில். கர்ப்பிணிகளும், புதிதாகப் பிள்ளை பெற்றவர்களும், எலும்பு தேய்ந்தவர்களும் கேட்டுக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டு வாரம் என் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், "எனக்கு ஏதாவது உண்டா?" என்றார் மெதுவாக. டாக்டர் அம்மாளிடம் அழைத்துப் போனேன். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மறுபடி உட்கார வேண்டும். முதலில் மூன்று தடவை. மாசி மாதத்தில் அது பத்தாயிற்று. பிறகு பாய்க்கும் வந்தார்.

சித்திரை முதல் நாள். வாசல் வேலையை முடித்துவிட்டு உள்ளே வந்தேன். பூஜை அறையில் மணையில் உட்கார்ந்து, மாமியார் நாலு புள்ளியில் ஒரு சின்னக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். இழை கொஞ்சம் நடுங்கியிருந்தது. எழுந்திருக்கும்போது கை கொடுக்கப் போனேன்.

"இரு, அம்மா" என்றார். சுவரைத் தொட்டுக்கொண்டு, ஒரு முழங்காலை ஊன்றி, தானே எழுந்தார். வயிற்றை இறுக்கிக்கொண்டுதான் எழுந்தார், நான் கவனித்தேன்.