கணுக்காலில் துப்பாக்கி வேண்டாம்

மும்பையில் ஆண்டாப் ஹில் போன்ற ஜனநெருக்கம் மிகுந்த பகுதியில், தொழிலின் பொருட்டோ உயிர்ப்பயத்தாலோ உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியோடு நடமாட நேர்ந்த ஒருவர், அது பிறர் கண்ணில் படக்கூடாதென்று கணுக்காலில் உறை கட்டிக்கொள்ள நினைப்பது இயல்பே ஆயினும், அந்த நினைப்பை அவர் அறவே கைவிட வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

வலக்கைப் பழக்கமுள்ளவர் இடது காலின் உட்புறத்தில் உறையைக் கட்டுவது வழக்கம். காரில் அமர்ந்தே பொழுதைக் கழிக்கும் அதிகாரிக்கு அங்கே கை சுலபமாக எட்டும் என்பதும் உண்மை. ஆனால் நிற்கிறவர் துப்பாக்கியை எடுப்பதானால், குனிந்தோ ஒரு முழங்காலை ஊன்றியோ, ஒரு கையால் கால்சட்டையை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் உறையின் பட்டையை அவிழ்த்தாக வேண்டும். மாலை வேளையில் குரு தேக் பகதூர் நகர் நிலையத்தில் ஹார்பர் லைன் வண்டி ஏறியவர்கள், பாதம் ஊன்றவே இடமில்லாத அந்த நெரிசலில் இது சாத்தியமா என்று சொல்லட்டும். குனிய முடியாதது மட்டுமன்று. யாருடைய பையோ காலோ உரசி உறையின் பட்டை நெகிழ்ந்தாலும், அதைச் சுமப்பவருக்குத் தெரிய வழியில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், பொது இடத்தில் கொண்டு செல்லும் துப்பாக்கி முற்றிலும் மறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதோடு, கொண்டு செல்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்கின்றன. கணுக்கால் முதல் நிபந்தனைக்குப் பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெருமழை பிடித்துக்கொண்டால் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் வரை தேங்கும் சாக்கடை நீரில் ஆயுதமும் தோட்டாவும் சேர்ந்து ஊறும். கோயில் வாசலில் ஷூவைக் கழற்றக் குனியும்போதும், பந்தியில் சம்மணமிட்டு அமரும்போதும், மறைத்த பொருள் வெளிப்பட்டு, அருகிலுள்ள குழந்தைகளும் ஸ்திரீகளும் கலவரமடைவார்கள்.

2024 அக்டோபர் 1ஆம் தேதி அதிகாலையில், நடிகர் கோவிந்தா தம் ஜூஹு வீட்டிலேயே, சொந்த ரிவால்வர் எதிர்பாராமல் வெடித்துக் காலில் குண்டு பாய்ந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. சந்தடியற்ற வீட்டுக்குள்ளேயே இத்தகைய விபத்து நேருமானால், கூட்டத்தின் நடுவே கைக்கு எட்டாத இடத்தில் ஆயுதத்தைச் சுமப்பது எவ்வளவு அபாயகரமானது!

ஆயுதம் தரிப்பது தவிர்க்க முடியாத கடமையாக உள்ளவர், விசை முழுவதும் மூடிய கெட்டியான உறையில், இடுப்பில், பழகிய கையின் பக்கமாக, சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்வதே உசிதம். மற்றவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.