தலைப்புக்கு முன் ஒரு கேள்வி

தமிழ் முதுகலை மாணவரிடம் அவருடைய ஆய்வைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு தலைப்பே விடையாக வருகிறது: இன்னார் நாவல்களில் பெண்கள், இன்னார் கவிதைகளில் சமுதாயப் பார்வை. அதனுள் என்ன கேள்வி இருக்கிறது என்று தொடர்ந்தால் மௌனம்தான். மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. தலைப்பைப் பதிவுசெய்யச் சொல்லும் துறைகள் பல, கேள்வி கேட்கக் கற்பிப்பதில்லை.

உ.வே. சாமிநாதையர் ஆய்வு நெறிமுறை என்று எந்தப் பாடத்தாளும் படித்தவரல்லர். எனினும் 1887இல் அவர் வெளியிட்ட சீவக சிந்தாமணிப் பதிப்பின் பின்னால் தெளிவான படிகள் உள்ளன. சுவடிகளைத் தேடித் திரட்டினார், பாடங்களை ஒப்பிட்டார், சமணக் கருத்துகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சமணர்களிடமே சென்று கேட்டார். தெரியாதது இன்னதென வரையறுத்து, விடை இருக்கும் இடத்திற்குப் போவதே ஆய்வு.

இதை வகுப்பில் பழக்க முடியும். புதுமைப்பித்தனின் ஒரே ஒரு சிறுகதையை மாணவரிடம் கொடுப்போம். இதழில் வந்த வடிவத்திற்கும் நூல் வடிவத்திற்கும் வேறுபாடு உண்டா என்பது கேள்வி. முதலில் கதை வெளிவந்த இதழையும் நாளையும் கண்டறிய வேண்டும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு வழிகாட்டும். பிறகு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் மூல இதழைத் தேடுதல், வரிவரியாக ஒப்பிடுதல், பக்க எண்ணோடு குறிப்பெடுத்தல். இவையெல்லாம் முடிந்தபின்பே எழுதத் தொடங்குவது. பத்துப் பக்கக் கட்டுரை போதும்.

படிப்படியான பயிற்சி சிந்தனையை இயந்திரமாக்கிவிடும் என்பார் உளர். ஸ்வரவரிசை பாடிப் பழகியதால் எவருடைய கற்பனையும் வற்றியதில்லை.

எம்.ஃபில். படிப்பை உயர்கல்வி நிறுவனங்கள் வழங்கலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் விதித்தது. முனைவர் பட்டத்திற்கு முன் தடுக்கிவிழுந்து எழ இருந்த ஒரு படி அது. இனி அந்தப் பயிற்சி முதுகலை வகுப்பிலேயே நடந்தாக வேண்டும். கட்டமைத்த ஏட்டுக்கு மட்டுமன்றி, மாணவர் எழுப்பிய கேள்விக்கும் குறிப்பேட்டிற்கும் முதல் வரைவுக்கும் தனித்தனியே மதிப்பெண் வழங்கலாம். வெட்டி ஒட்டிய ஆய்வேடுகள் குறைய அதுவே நல்ல தொடக்கம் என எண்ணுகிறோம்.