பற்றும் பரிவும்

சென்ற மாதம் அயல்வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டு அம்மையாரின் ஒரே மகன் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றுப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தான். மகிழவேண்டிய வேளையில் தாயின் கண்கள் கலங்கியிருந்தன.

"அவன் போனபின் இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது, தங்கச்சி? இங்கேயே ஏதாவது படித்தாற் போதாதா?" என்று விம்மினார்.

அருகிருந்த முதியவர், "பற்றை விடு, பிள்ளை, துன்பம் போய்விடும்" என்றார்.

"பெற்ற மனத்தைக் கல்லாக்கச் சொல்கிறீர்களா, அப்பு?" என்று அம்மையார் கேட்டார்.

அக்கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. பற்றை விடுதல் மனத்தைக் கல்லாக்குதல்தானா?

'உதானம்' என்னும் பாளி நூலிலே ஒரு வரலாறு உண்டு. சாவத்தி நகரத்து விசாகை என்பவர், அருமைப் பேர்த்தியை இழந்து, நனைந்த கூந்தலோடும் ஆடையோடும் புத்தர்பெருமானிடம் வந்தார். அந்நகர மக்கள் எத்தனை பேரோ, அத்தனை மக்களையும் பேரரையும் விரும்புவாயா எனப் பெருமான் வினவ, விரும்புவேன் என்றார் விசாகை. நாள்தோறும் சாவு நிகழும் நகரமாதலின், அவ்வாறாயின் உன் கூந்தல் உலரும் நாளே இராதன்றோ என உணர்த்தினார் பெருமான்.

ஆயினும் விசாகை துறவு பூண்டவரல்லர். இல்லறத்தில் நின்றே, ஈகையில் தலைசிறந்த உபாசிகை எனப் பெயர்பெற்றார். பற்றின் துயரை அறிந்தவர், பரிவை விட்டுவிடவில்லை.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்கியவர் புத்தகோசர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் நம் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து 'விசுத்திமார்க்கம்' இயற்றிய அவர், மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நற்குணங்கள் நான்கினுக்கும் அண்மைப் பகை, சேய்மைப் பகை என இரண்டிரண்டு பகைகளைக் கூறுகிறார். அண்மைப் பகையாவது நண்பனைப்போலத் தோன்றும் பகை. அன்பாகிய மைத்திரிக்கு அண்மைப் பகை ஆசை. சமநிலையாகிய உபேட்சைக்கு அண்மைப் பகை அறியாமையால் வரும் அசட்டை. ஆகவே கல்மனம் பற்றின்மை அன்று. அதன் வேடம் பூண்ட பகையே.

இதனை வீட்டில் எவ்வாறு பழகுவது? தேரவாத பௌத்தத்திற் பாரமிதைகள் பத்து. அவற்றில் முதலாவது தானம், இறுதியானது உபேட்சை. கொடுத்துப் பழகிய கையே இறுதியில் இறுகப் பற்றாத கையாகும். மாணவர், தாம் எழுதிய குறிப்புக் கொப்பியைத் தோழனுக்குக் கொடுத்துத் தொடங்கலாம். பெற்றோர், பிள்ளைக்காக ஒன்றைத் தீர்மானிக்கும்போது, "இது அவன் நன்மைக்கா, என் ஆறுதலுக்கா?" என ஒருமுறை தம்மையே வினவலாம். வினா சிறிது, விடை சில வேளை நம்மை நாணச் செய்யும்.

இதையே அம்மையாரிடமும் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை.

சென்ற ஞாயிறன்று மீண்டும் சென்றபோது, மகனின் பெட்டியிலே எள்ளுருண்டைப் போத்தலைத் துணியாற் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். கண்ணீர் நின்றிருக்கவில்லை. "மலைநாட்டுக் குளிருக்கு இந்தப் போர்வை காணுமா, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

இங்கேயே படித்தாற் போதாதா என்று அவர் பின்னர் கேட்கவேயில்லை.